சின்னச் சிலந்திகளும் நம் சோற்றுப் பானையும்

லயத்து இஸ்தோப்பின் மூலையில் ஒட்டடை கட்டாத வீடு நம் தோட்டங்களில் இல்லை. தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது விளக்குமாற்றால் ஒரே இழுப்பில் அதை இழுத்துப் போடுகிறோம். கொழுந்து எடுக்கும்போது முகத்தில் வலை பட்டால் "சீச்சீ, எட்டுக்கால் பூச்சி!" என்று தட்டிவிட்டு அடுத்த செடிக்குப் போகிறோம். அத்தோடு மறந்தும் விடுகிறோம். ஆனால் இந்தப் பூச்சிக்கும் நாம் மத்தியானம் சாப்பிடும் சோற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு. எட்டுக்கால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பதால் நமக்கு வரும் நட்டமும் உண்டு. அதைப் பற்றி இம்முறை பார்ப்போம்.

"சோத்துக்கும் சிலந்திக்கும் என்னா தொடர்பு?" என்று நீங்கள் கேட்கலாம். இலங்கையில் நெல் அதிகமாக விளையும் மாவட்டங்களில் அம்பாறை முன்வரிசையில் நிற்பது. அந்த மாவட்டத்தின் கரையோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் சங்கிலி போலத் தொடர்கின்றன. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். சம்மாந்துறை வரை போனாலும் வயல்தான். நம் பக்கத்தில் 'மலை' என்று சொல்வது போல அங்கே வயல்வெளியை 'வட்டை' என்பார்கள். அந்த வட்டைகளில் சம்பளம் வாங்காமல் இரவு பகலாகக் காவல் காக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. அதுதான் சின்னச் சிலந்திகள்.

எது சிலந்தி, எது சிலந்தி அல்ல?

முதலில் ஆளை அடையாளம் காண்போம். எறும்பு, வண்டு, ஈ, குளவி எல்லாம் பூச்சிகள். அவற்றுக்கு ஆறு கால். உடம்பு தலை, நெஞ்சு, வயிறு என்று மூன்று பகுதி. சிலந்திக்கோ எட்டுக் கால். தலையும் நெஞ்சும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால் உடம்பு இரண்டே பகுதி. இறக்கை இல்லை, உணர்கொம்பு இல்லை. வயிற்றின் நுனியில் நூல் நூற்கும் உறுப்பு இருக்கும். வலை கட்டாத சிலந்தி நிறைய உண்டு. நூல் நூற்காத சிலந்தி கிடையாது.

இந்த அடையாளம் தெரியாததால் இரண்டு பேர் செய்யும் குற்றத்துக்குச் சிலந்தி பழி சுமக்கிறது.

ஒன்று, நம் தேயிலையிலேயே இருக்கிறது. வெயில் காலத்தில் முற்றிய இலையின் மேற்பக்கம் செம்பு நிறமாக மாறும். "ரெட் ஸ்பைடர் விழுந்திருக்கு" என்பார்கள். பெயரில் சிலந்தி இருந்தாலும் அது சிலந்தி அல்ல. உண்ணி இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய பிராணி. இலையின் சாற்றைக் குடித்து வாழ்கிறது. உண்மையான சிலந்தி இலையைத் தின்பதில்லை. அது வேட்டைக்காரன்.

இரண்டாவது, உடம்பில் திடீரென்று எழும் எரிச்சலும் கொப்புளமும். "சிலந்தி ஊர்ந்திருக்கு" என்று சொல்லிவிடுகிறோம். பல சமயங்களில் அதற்குக் காரணம் சிவப்பும் கறுப்புமான, ஏறக்குறைய முக்கால் சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒரு வண்டு. பெடெரஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். வயல் பக்கங்களில் அதிகம். இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும். அது கடிப்பதில்லை. கழுத்திலோ கையிலோ ஊரும்போது நாம் நசுக்கிவிட்டால் அதன் உடம்பிலுள்ள நீர் தோலை எரிக்கும். மறுநாள் கொப்புளம் எழும். நசுக்காமல் ஊதித் தள்ள வேண்டும். பட்டுவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். உடம்பின் ஒரே பக்கத்தில் வரிசையாகக் கொப்புளம் எழுந்து கடுமையாக வலித்தால் அது அக்கியாக இருக்கலாம். அது வைரஸ் கிருமியால் வருவது. காவியும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு காத்திராமல் இரண்டு மூன்று நாட்களுக்குள் வைத்தியரிடம் போனால்தான் மருந்து நன்றாக வேலை செய்யும்.

பேரேட்டில் பதிவது போல

தோட்டத்தில் ஒருவரைத் தேட வேண்டுமானால் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த லயம், எந்தக் காம்பரா, என்ன பெயர் என்று வரிசையாகக் கேட்கிறோம். விஞ்ஞானிகளும் அப்படித்தான். வகுப்பு, குடும்பம், பேரினம், இனம் என்று பெரியதிலிருந்து சிறியதுக்குப் போகிறார்கள்.

சுவீடன் நாட்டைச் சேர்ந்த கார்ல் கிளெர்க் 1757 இல் தம் நாட்டுச் சிலந்திகளுக்கு இந்த முறைப்படி பெயர் வைத்தார். அன்றிலிருந்து தொடரும் உலகச் சிலந்திப் பேரேடு இன்று சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகர அரும்பொருட்சாலையில் பேணப்படுகிறது. 2022 ஏப்ரலில் அதில் 50,000 ஆவது இனம் பதிவாகியது. இலங்கையில் மட்டும் 500க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன.

இலங்கைக் கணக்கின் ஆரம்பம் நம் மலைநாட்டில் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. தேயிலைக்கு முன் இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்த காலத்தில், நீட்னர் என்ற ஜெர்மன்காரர் கோப்பித் தோட்டத் துரையாக இருந்தார். கோப்பியின் எதிரிகள் பற்றி 1861 இல் ஒரு நூல் எழுதினார். இன்று தேயிலையில் விழும் அந்தச் சிவப்பு உண்ணிக்கு முதலில் விஞ்ஞானப் பெயர் வைத்தவரும் அவரே. அவர் இங்கிலாந்துக்கு அனுப்பிய இலங்கைச் சிலந்திகளைப் பரிசோதித்து, பிக்கார்ட் கேம்பிரிட்ஜ் என்ற பாதிரியார் 1869 இல் பட்டியல் வெளியிட்டார். பிறகு 1891 இல் கார்ஷ், 1900 இல் போகொக் என்று பலர் அந்தக் கணக்கை நீட்டினார்கள்.

ஒரு சிலந்தியை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்று தீர்மானிக்க முதலில் பார்ப்பது கண்களை. மிகப் பல சிலந்திகளுக்கு எட்டுக் கண். சிலவற்றுக்கு ஆறு. அவை எந்த வரிசையில் அமைந்திருக்கின்றன என்பதே குடும்ப முகச்சாயல். அடுத்தது வலை. வட்டமாகக் கட்டுகிறதா, கலைந்த நூலாகக் கட்டுகிறதா, வலையே கட்டாமல் ஓடிப் பிடிக்கிறதா? கடைசியாக ஆணின் முகத்தருகே இருக்கும் இரண்டு சின்ன உறுப்புகள். பூட்டுக்கு ஒரு சாவி என்பது போல இவை இனத்துக்கு இனம் வேறுபடும். இதைப் பார்க்க நுணுக்குக்காட்டி வேண்டும். வெளியே ஒரே மாதிரித் தெரியும் இரண்டு சிலந்திகள் வேறு வேறு இனம் என்பது இதில்தான் தெரியவரும்.

கல்முனை வட்டையில் யார் யார்?

இப்போது வயலுக்குப் போவோம். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் பூமி இது. இந்தக் கரையோர ஊர்களில் பெரும்பாலானோர் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள். விவசாயமும் மீன்பிடியும் வியாபாரமும் அவர்கள் தொழில். மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். நெசவாளர் ஊரைச் சுற்றிய வயலெல்லாம் நெய்கிறவன் சிலந்தி என்பது பொருத்தம்தான். திருக்குர்ஆனின் 29 ஆவது அத்தியாயத்தின் பெயரே 'சிலந்தி'. நம் பக்கத்துப் புராணத்திலும், திருவானைக்காவில் சிவலிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலை பின்னிய சிலந்தி, கோச்செங்கட் சோழனாகப் பிறந்ததாகச் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் மதித்த பிராணி இது.

நெல் வயலில் சிலந்திகள் மாடி வீடு போலத் தட்டுத் தட்டாக வாழ்கின்றன.

கீழ்த்தட்டில், நெற்பயிரின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே ஓநாய்ச் சிலந்தி இருக்கும். முதுகில் கவட்டை போல ஒரு கோடு. இது வலை கட்டாது. தண்ணீரின் மேலேயே ஓடி இரையைப் பிடிக்கும். தாய்ச் சிலந்தி முட்டைப் பையை வயிற்றுக்குப் பின்னால் ஒட்டிச் சுமக்கும். குஞ்சு பொரித்ததும் அத்தனையையும் முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1987 இல் வெளியிட்ட கைநூலின்படி, ஓர் ஓநாய்ச் சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 இரை வரை தின்னும்.

ஆசிய நெல் வயல்களில் அதே கீழ்த்தட்டில் இன்னொரு குள்ளச் சிலந்தியும் உண்டு. 1 முதல் 5 மில்லிமீற்றர் அளவுதான். பயிரின் தூரில் சின்ன வலை கட்டும். தத்துப்பூச்சிக் குஞ்சுகளை நாளுக்கு நாலைந்து பிடிக்கும். ஆள் சின்னதானாலும் ஒரே தூரில் பல இருப்பதால் வேலை பெரிது.

நடுத்தட்டில் காட்டுப்பூனைச் சிலந்தி. கால்களில் முள் முள்ளாக இருக்கும். அந்துப்பூச்சி முட்டையிட வரும்போது பாய்ந்து பிடிக்கும். அந்து ஒன்று செத்தால் நூற்றுக்கணக்கான புழு பிறக்காமல் போகிறது.

மேல்தட்டில் நீள்தாடைச் சிலந்தி. பகலில் நெல் இலையோடு இலையாகக் காலை நீட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் போனாலும் தெரியாது. பொழுது சாயும்போது வட்ட வலை கட்டும். விடியற்காலையில் பனித்துளி கோத்து வயல் முழுக்க வெள்ளித் தட்டு வைத்தாற்போல் தெரிவது பெரும்பாலும் இதன் வலையும் இதன் உறவினர் வலையும்தான்.

வரப்பிலும் வீட்டுச் சுவரிலும் தாவித் திரிவது ஈப்புலி. முன்னால் இரண்டு பெரிய கண். நீங்கள் விரலை அசைத்தால் தலையைத் திருப்பி உங்களைப் பார்க்கும். இதே குடும்பத்தில் முசுறு எறும்பு மாதிரியே வேஷம் போடும் ஒன்றும் உண்டு. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கிக்கொண்டு நடக்கும். எண்ணிப் பார்த்தால்தான் எட்டுக் கால் தெரியும்.

குருநாகல் மாவட்டத்தில் பத்தலகொடையின் நெல் வயல்களை ஆராய்ச்சியாளர் பம்பரதெனியவும் எதிரிசிங்கவும் ஆராய்ந்தபோது, 282 பூச்சி இனங்களும் சிலந்தி வகுப்பைச் சேர்ந்த 60 இனங்களும் கிடைத்தன. பயிரைக் கெடுக்கும் பூச்சி இனங்கள் 55 தான். அவற்றை வேட்டையாடும் இனங்கள் அதைவிட மிக அதிகம். அந்த வேட்டைக்காரரில் முதலிடம் சிலந்திக்கு. வயலில் நண்பர்களே அதிகம் என்பது இந்தக் கணக்கு சொல்லும் செய்தி.

நூலில் ஏறிப் பயணம்

அறுவடை முடிந்தால் வயல் வெறுமை. அடுத்த போகத்துக்கு விதைத்த சில நாட்களில் சிலந்தி மறுபடியும் வந்துவிடுகிறது. எப்படி? ஒரு கூட்டம் வரப்புப் புல்லிலிருந்து இறங்கி வரும். இன்னொரு கூட்டம் ஆகாயத்தில் வரும்.

சின்னச் சிலந்தி ஒரு புல் நுனியில் ஏறி, வயிற்றை உயர்த்தி, மெல்லிய நூலைக் காற்றில் விடும். நூல் இழுத்த இழுப்பில் தானும் பறக்கும். காற்று மட்டுமன்றி வளிமண்டலத்தில் உள்ள மின்புலமும் அதைத் தூக்க உதவுகிறது என்று 2018 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். சார்ள்ஸ் டார்வின் 1832 இல் கரையிலிருந்து ஏறக்குறைய 60 மைல் தூரத்தில் கப்பலில் போகும்போது, ஆயிரக்கணக்கான குட்டிச் சிலந்திகள் பாய்மரக் கயிற்றில் வந்து இறங்கியதைக் கண்டார். 1883 இல் கிரக்கற்றோவா எரிமலை வெடித்து அத்தீவில் உயிர் எல்லாம் அழிந்தது. ஒன்பது மாதம் கழித்துப் போன ஆராய்ச்சியாளர் அங்கே கண்ட ஒரே உயிர், வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு சின்னச் சிலந்தி.

இப்படிப் பறப்பதால் வயல் சிலந்திகளுக்கு ஊர் எல்லை இல்லை. கல்முனை வயலில் உள்ள ஓநாய்ச் சிலந்தியின் இனமே இந்தியாவிலிருந்து ஜப்பான் வரை வயல்களில் காணப்படுகிறது. வீட்டுச் சுவர் ஈப்புலிகளில் சில, கப்பலிலும் சாமான் பெட்டியிலும் ஏறி வெப்ப நாடுகள் எங்கும் பரவிவிட்டன.

ஒரே காட்டில் மட்டும் வாழ்பவை

இனி மலைக்குத் திரும்புவோம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று, பொத்துவில், மொனராகலை, வெல்லவாய வழியாக வரும் ஏ4 வீதி கொஸ்லந்தைக்கும் பெரகலைக்கும் ஏறுகிறது. உலர்ந்த பூமி குறைந்து, குளிரும் மூடுபனியும் கூடுகிறது. சிலந்திகளும் மாறுகின்றன. வயல் சிலந்தி நாடு கடந்து வாழ, மலைக்காட்டுச் சருகுக்குள் வாழும் பல சின்னச் சிலந்திகளுக்கு உலகத்தில் வேறு இடமே இல்லை.

இவற்றில் ஒரு குடும்பம் குட்டிப் பூதச் சிலந்திகள். நீளம் 1 முதல் 3 மில்லிமீற்றர். அரிசிக் குறுணை அளவு. ஆறு கண். சருகைச் சல்லடையில் சலித்துத்தான் பிடிக்க வேண்டும். கண்டி ஹந்தானையில் உள்ள தேசிய அடிப்படை ஆய்வு நிறுவகத்தைச் சேர்ந்த ரணசிங்கவும் சுரேஷ் பெஞ்சமினும் 2018 இல் இக்குடும்பத்தின் 9 புதிய இனங்களை அறிவித்தார்கள். அவற்றில் ஆறுக்கு, எனிட் பிளைட்டன் எழுதிய சிறுவர் கதைகளில் வரும் குட்டிப் பூதங்களின் பெயர்கள்: பொம், ஸ்னூக்கி, டம்பி, சிப்பி, ஸ்னிப்பி, டிக்கி! அத்தோடு இலங்கையின் குட்டிப் பூதச் சிலந்தி இனங்கள் 45 ஆகின. அதே நிறுவகத்தில் நிலானி கனேசரத்தினம் பெஞ்சமினோடு சேர்ந்து நம் நாட்டு ஈப்புலிகளை ஆராய்ந்து, 2016 இலும் 2019 இலும் புதிய இனங்களை வெளியிட்டார். நம் பிள்ளைகளும் படித்துச் செய்யக்கூடிய வேலை இது.

இந்தக் குட்டிப் பூதங்களில் பல ஒன்றிரண்டு இடங்களில் மட்டுமே கிடைத்தவை. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் காடு வெட்டப்பட்டபோது மிஞ்சியது துண்டு துண்டான காடுகள். தோட்டத்து ஓடைக்கரை, செங்குத்தான பாறை ஓரம், பீலிக்கு மேலே உள்ள சோலை இவைதான் அவற்றின் கடைசி வீடு. வயல் சிலந்தி செத்தால் பக்கத்து வயலிலிருந்து வேறொன்று பறந்து வரும். ஒரே காட்டில் வாழும் இனம் அழிந்தால், அது இருந்தது என்பதை அறிய அரும்பொருட்சாலைப் போத்தல் மட்டுமே மிஞ்சும். பரம்பலைக் கணக்கெடுப்பது ஏன் என்பதற்கு இதுவே பதில். எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் எதை இழக்கப் போகிறோம் என்று தெரியும்.

மருந்து அடித்ததும் நடப்பது

நெல்லுக்குப் பெரிய எதிரி கபில நிறத் தத்தி. தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். பெருகிவிட்டால் வயல் வட்ட வட்டமாகக் கருகும். பயந்துபோன விவசாயி மருந்து அடிப்பார். இரண்டு நாளைக்குப் பூச்சி குறையும். ஆனால் தத்தியின் முட்டை நெல் தண்டின் உள்ளே பத்திரமாக இருக்கும். ஒரு வாரம் கழித்துக் குஞ்சு வெளியே வரும்போது, அவற்றைத் தின்ன ஓநாய்ச் சிலந்தியும் இல்லை, குள்ளச் சிலந்தியும் இல்லை. காவல்காரன் செத்த வீட்டில் கள்ளன் புகுந்த கதைதான். தத்தி முன்னைவிடப் பெருகும். விவசாயி மறுபடியும் மருந்துக் கடைக்கு ஓடுவார்.

இந்தோனேசியா இதில் பட்டு அறிந்தது. 1986 நவம்பரில் அந்நாட்டு அரசு நெல்லுக்கு அடிக்கும 57 வகைப் பூச்சி மருந்துகளைத் தடை செய்தது. விளைச்சல் விழவில்லை.

நம் தேயிலையிலும் இது நடந்திருக்கிறது. கொழுந்து இலையைச் சுருட்டும் புழுவை அடக்க 1935 இல் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது நன்றாக வேலை செய்தது. 1950களில் தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டுக்கு எதிராக டீல்ட்ரின் என்ற மருந்து அடிக்கப்பட்டது. குளவி செத்தது. அடங்கியிருந்த புழு மீண்டும் கிளம்பியது. அங்கே சிலந்தி, இங்கே குளவி. பாடம் ஒன்றுதான்.

நாம் செய்யக்கூடியவை

தேயிலைக்கு என்ன மருந்து, எப்போது அடிப்பது என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. ஆனால் லயத்துக்குப் பின்னால் நாம் போடும் மரக்கறித் தோட்டம் நம் கையில் இருக்கிறது.

* கோவா, லீக்ஸ், போஞ்சிக்குப் பூச்சி கண்டதும் மருந்துப் போத்தலைத் தேடாதீர்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். சிலந்தி இருந்தால் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள்.
* பாத்தியின் ஓரத்தில் கொஞ்சம் புல்லை விட்டு வையுங்கள். அது சிலந்தியின் தங்குமிடம்.
* ஓடைக்கரைச் சருகுக்கும் சோலைக்கும் தீ வைக்காதீர்கள். குடிதண்ணீரும் அங்கிருந்துதான் வருகிறது.
* வீட்டு ஒட்டடையைத் தாராளமாகக் கூட்டுங்கள். ஆனால் பிள்ளைகள் படுக்கும் காம்பராவில் சிலந்திக்கென்று மருந்து அடிக்க வேண்டாம்.
* சின்னச் சிலந்திகளில் பெரும்பாலானவற்றின் பல் நம் தோலில் இறங்காது. கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் குளிர்ந்த துணி வையுங்கள். மரப்பொந்தில் வாழும் உள்ளங்கை அளவுப் பெரிய சிலந்தி கடித்து, வலியோ தசைப்பிடிப்போ வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பனி காய்வதற்கு முன், லயத்தைச் சுற்றி ஒரு நடை போங்கள். எத்தனை வகை வலை இருக்கிறது என்று எண்ணிக் கொப்பியில் வரையுங்கள். வட்ட வலை எத்தனை, கலைந்த வலை எத்தனை, வலையே இல்லாமல் தாவுகிறது எத்தனை? தேதியும் இடமும் எழுதுங்கள். மழைக்காலத்தில் ஒரு முறை, வெயில் காலத்தில் ஒரு முறை. பெரிய விஞ்ஞானிகளின் பேரேடும் இப்படித்தான் தொடங்கியது: என்ன கண்டோம், எங்கே கண்டோம், எப்போது கண்டோம்.